அடுப்படியில் எத்தனை அடி?

இன்று மாலை பள்ளிவிட்டு வந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அடுப்படி வாசலில் உட்காருங்கள். அம்மாவோ, பாட்டியோ, அப்பாவோ, யார் சமைத்தாலும் சரி. அவர் தேநீர் போட்டு இறக்குவதற்குள் எத்தனை அடி எடுத்து வைக்கிறார் என்று எண்ணுங்கள். (இங்கே அடி என்றால் காலடி, பன்னிரண்டு அங்குலம் கொண்ட அடி அல்ல.) பாத்திரம் ஒரு மூலையில், தண்ணீர் இன்னொரு மூலையில், தேயிலை அலமாரியில், சர்க்கரை டப்பா எறும்புக்குப் பயந்து மேல்தட்டில், வடிகட்டி கழுவுமிடத்தில். முடிந்ததும் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். "அவ்வளவா?" என்று அவரே வியந்துபோவார்.

எங்கள் வீட்டில் நான் இப்படி எண்ணியபோது அதிக நடையை வாங்கியது உப்பு ஜாடி! அடுப்புக்கு நேர் எதிர்ச் சுவரில் அது இருந்தது. ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டேன். "எப்போதும் அங்கேதான் இருக்கிறது" என்று பதில் வந்தது.

இப்படி எண்ணுவதைச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் சிலர் ஓர் அறிவியலாகவே செய்தார்கள். தொழிற்சாலையில் பிறந்த ஒரு முறையை வீட்டுச் சமையலறைக்குள் கொண்டுவந்தார்கள். இன்று வழவழப்பான மேடை, அதன்கீழ் இழுப்பறைகள், மேலே வரிசையாக அலமாரிகள் என்று சமையலறை கட்டுகிறோம் அல்லவா? அதற்கு மூதாதை ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1926-ஆம் ஆண்டு உருவானது. ஆனால் கதை அதற்குக் கொஞ்சம் முன்பே, அமெரிக்காவின் எஃகு ஆலை ஒன்றில் தொடங்குகிறது.

பெத்லஹேம் எஃகு ஆலையில் ஆட்கள் மண்வாரியால் தாதுவையும் கரியையும் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர் என்ற பொறியாளர் அதைக் கவனித்தார். ஒரே மண்வாரியால் கனமான தாதுவை அள்ளினால் ஆள் சீக்கிரம் களைத்துவிடுகிறான். இலேசான கரித்தூளை அள்ளினால் பாதி உழைப்பு வீணாகிறது. அப்படியானால் ஒரு தடவைக்கு எவ்வளவு எடை அள்ளினால் நாள் முடிவில் மொத்தம் அதிகமாக இருக்கும்? பலமுறை சோதித்து, சுமார் 21 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒன்பதரை கிலோ என்று கண்டார். தாதுவுக்குச் சிறிய மண்வாரி, கரித்தூளுக்குப் பெரியது என்று பொருளுக்கேற்ற கருவி செய்துகொடுத்தார். ஒவ்வொரு வேலையையும் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, கடிகாரத்தை வைத்து நேரம் கணித்து, வேண்டாத அசைவுகளை நீக்குவதே அவருடைய வழி. 1911-இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அதே காலத்தில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார் செங்கல் வைப்பதை ஆராய்ந்தார். ஒரு கல்லை எடுத்து வைக்க 18 அசைவுகள் ஆயின. கல்லும் கலவையும் தரையில் கிடந்ததால் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து நிமிர வேண்டியிருந்தது. அவற்றை இடுப்புயரப் பலகையில் ஏற்றி வைத்ததும் அசைவுகள் ஐந்தளவில் குறைந்தன. எவ்வளவு எளிய யோசனை! அதற்கு முன் எத்தனை நூற்றாண்டுகள் எத்தனை முதுகுகள் குனிந்தனவோ!

தொழிலாளர்கள் எல்லோரும் இதைக் கைதட்டி வரவேற்றார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் அரசின் படைக்கலச் சாலை இருந்தது. கடிகாரத்துடன் ஒருவர் தலைமாட்டில் நிற்பதை எதிர்த்து அங்கே வார்ப்படத் தொழிலாளர்கள் 1911 ஆகஸ்டில் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். மிச்சமாகும் நேரம் யாருக்கு, உழைப்பவனுக்கா முதலாளிக்கா என்பது அவர்களுடைய கேள்வி. இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியிலும் இது நம்மைச் சந்திக்கும்.

கடிகாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கிறிஸ்டின் ஃபிரடெரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி. கணவரின் நண்பர்கள் ஆலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டார். பட்டறைக்குப் பொருந்துவது பாத்திரம் துலக்குவதற்குப் பொருந்தாதா? தம் வேலைகளைத் தாமே அளந்து பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டி மிகத் தாழ்வாக இருந்ததால் குனிந்தே நின்றது தெரிந்தது. தட்டுகளைக் கழுவுமிடமும் துடைக்குமிடமும் அடுக்குமிடமும் முன்பின்னாகக் கிடந்ததால் கை குறுக்கும் நெடுக்கும் அலைந்தது தெரிந்தது. 1912-இல் ஒரு மகளிர் இதழில் எழுதத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு அது நூலாயிற்று. இரண்டு சமையலறைகளின் வரைபடங்களை அதில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார். ஒன்றில் சமைப்பவரின் நடை சிலந்திக் கூடு போல் பின்னிக் கிடக்கும்; மற்றதில் ஆற்று நீர் போல் ஒரே திசையில் ஓடும். சாமான்கள் அவையேதான், வைத்த இடங்கள்தாம் வேறு.

கில்பிரெத்தின் மனைவி லிலியன் கில்பிரெத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் உளவியல் படித்தவர், பொறியாளர், பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். 1924-இல் கணவர் இறந்தபின், பொறியியல் வேலையைப் பெண்ணிடம் தரப் பலர் தயங்கினார்கள். சமையலறை என்றால் தந்தார்கள்! புரூக்ளின் நகர எரிவாயு நிறுவனத்துக்காக அவர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்டது ஸ்டிராபெரிப் பழம் வைத்த கேக். பழைய முறைச் சமையலறையில் அதைச் செய்ய 281 காலடிகள் ஆயின. புதியதில் 45. சமையல்காரரும் அவரே, கேக்கும் அதுவே. காலால் மிதித்தால் மூடி திறக்கும் குப்பைக்கூடையும், குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கும் தட்டுகளும் அவருடைய யோசனைகள் என்று சொல்வார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். முதல் உலகப்போர் முடிந்திருந்தது, வீடில்லாதோர் ஏராளம். தொழிலாளர் குடும்பங்கள் பல, சமையலும் சாப்பாடும் தூக்கமும் ஒரே அறையில் என்று வாழ்ந்தன. குளிர்நாடல்லவா? அடுப்பு எரியும் அறைதான் கதகதப்பான அறை. 1925-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் கட்டடப் பொறுப்பை ஏற்ற எர்ன்ஸ்ட் மே என்பவர், சில ஆண்டுகளில் பல்லாயிரம் வீடுகளைக் கட்டத் திட்டமிட்டார். வீடு சிறியதாகவும் வாடகை தாங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அந்தச் சிறிய வீட்டுக்குள் சமையலறையை எப்படி அடக்குவது?

அந்தப் பணி 1926-இல் வியன்னாவிலிருந்து வந்த இருபத்தொன்பது வயதுக் கட்டடக்கலைஞர் ஒருவரிடம் வந்தது. அவர் பெயர் மார்கரெட்டே லிகோட்ஸ்கி, மணமானபின் ஷூட்டே-லிகோட்ஸ்கி. ஆஸ்திரியாவில் அந்தக் கலையைப் பயின்ற முதல் பெண்களில் ஒருவர். கிறிஸ்டின் ஃபிரடெரிக்கின் நூல் ஜெர்மன் மொழியில் வந்திருந்தது. அதை அவர் படித்திருந்தார். இன்னொரு முன்மாதிரியும் அவருக்குக் கிடைத்தது. அது ரயிலில் ஓடிக்கொண்டிருந்தது!

ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையை எண்ணிப் பாருங்கள். ஒரு குறுகிய சந்து. வண்டி குலுங்குகிறது. வெளியே சாப்பாட்டுக்கு ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நெருக்கடியிலும் வேலை நடக்கிறது. காரணம், எந்தப் பொருளும் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் இல்லை. நடப்பதற்கு இடமில்லாததே அங்கே ஒரு வசதியாகிவிடுகிறது.

லிகோட்ஸ்கி வரைந்த அறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ஆறரைச் சதுர மீட்டருக்குள். ஒரு கோடியில் சன்னல், மறுகோடியில் கதவு. சன்னலின் கீழ் வேலைப் பலகை. அதன்முன் உயரம் மாற்றக்கூடிய சுழல் முக்காலி. காய் நறுக்க நிற்க வேண்டியதில்லை, உட்காரலாம். பகல் வெளிச்சம் நேரே கைமேல் விழும். இரவில்? அறைக்கு நடுவே விளக்கு அசையாமல் தொங்கினால், நாம் அதற்கு முதுகு காட்டி நிற்கும்போது நம் நிழலே அரிவாள்மணைமேல் விழும். எனவே விளக்கைக் கூரையில் ஒரு தண்டவாளத்தில் மாட்டினார். வேண்டிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். பலகையில் ஒரு சிறு வாய் வைத்து அதன்கீழ் ஓர் இழுப்பறை பொருத்தினார். தோலையும் காம்பையும் அப்படியே அதற்குள் தள்ளிவிடலாம், குப்பைக்காக எழ வேண்டாம். கழுவிய தட்டுகளை மரச்சட்டத்தில் செங்குத்தாக நிறுத்தினால் நீர் தானே வடிந்துவிடும். துடைக்கும் வேலை மிச்சம். துணி தேய்க்கும் பலகை சுவரிலிருந்து மடங்கி இறங்கும்.

மாவு, அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்கு அலுமினிய இழுப்பறைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்து, ஒரு முனையில் குவளைபோல் மூக்கு வைத்திருந்தார்கள். உருவி எடுத்துப் பாத்திரத்தில் நேரே கொட்டலாம். நம் அஞ்சறைப் பெட்டியைச் சுவரில் பதித்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்ததிலும் வேதியியல் இருந்தது. மாவுப் பெட்டிக்கு ஓக் மரம், ஏனென்றால் அதில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் புழுக்களுக்கு ஆகாது. வேலைப் பலகைக்குக் கறையையும் கத்தித் தழும்பையும் தாங்கும் பீச் மரம். அலமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம். அந்த நிறத்தில் ஈ உட்காராது என்று அன்று சொன்னார்கள். அதை நம்பி நீங்கள் சோற்றுப் பானையைத் திறந்து வைத்துவிடாதீர்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது சமையல் பெட்டி. வெப்பம் வெளியேறாதபடி பொதிந்த ஒரு பெட்டி அது. காலையில் உணவை அடுப்பில் கொதிக்கவைத்து, பாத்திரத்தோடு உள்ளே வைத்து மூடிவிட்டால், வெளியே வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது வெந்திருக்கும். நெருப்பில்லாமல் எப்படி வேகும்? யோசியுங்கள். நீர் 100 டிகிரி செல்சியஸை எட்டியபின் எவ்வளவு தீ வைத்தாலும் அதன் வெப்பநிலை உயர்வதில்லை. அதற்குப்பின் நாம் எரிக்கும் எரிபொருளின் பெரும்பகுதி, பாத்திரத்தின் பக்கங்களிலிருந்தும் நீராவியாகவும் இழக்கப்படும் வெப்பத்தை ஈடுகட்டுவதற்கே போகிறது. இழப்பையே தடுத்துவிட்டால்? அடுப்பை அணைத்துவிடலாம். வைக்கோலும் கம்பளியும் இதற்குப் போதும். அவற்றின் இடுக்குகளில் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை.

அறையின் பக்கவாட்டில் ஒரு நழுவுகதவு இருந்தது. அதன் வழியே மூன்று மீட்டர் தூரத்தில் சாப்பாட்டு மேசை; சமைக்கும்போதே கூடத்தில் விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். இத்தகைய சமையலறை ஃபிராங்க்ஃபர்ட்டில் சுமார் 10,000 வீடுகளில் அமைந்தது. ஒரே அளவில் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தியதால் செலவு குறைந்தது. அந்தச் செலவையும் வாடகையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

வேடிக்கையான ஒரு செய்தி. இதை வடிவமைத்த லிகோட்ஸ்கிக்கு அப்போது சமைக்கத் தெரியாது! குடும்பம் நடத்திய பழக்கமும் இல்லை. பிற்காலத்தில் அவரே இதை ஒளிக்காமல் சொன்னார். பெண் என்பதால் சமையலறையைக் கொடுத்தார்கள் என்ற பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. தாம் அதைக் கட்டடக்கலைஞராகவே செய்ததாகச் சொன்னார். சமைத்துப் பழகியவர்களுக்கு உப்பு ஜாடி எப்போதும் அங்கேதான் இருக்கும். பழகாத கண்தான் ஏன் அங்கே என்று கேட்கும். ஆனால் பழகாத கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரியாமலும் போகும்.

குடிவந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

குடிவந்தவர்களுக்கு அது முதலில் சிரமமாக இருந்தது. மாவு என்று பொறித்த இழுப்பறையில் மாவையே வைக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் அரிசி அதிகம் செலவாகும், இன்னொரு வீட்டில் பருப்பு. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே இழுப்பறைகள். அவை தாழ்வாக இருந்ததால் சிறு குழந்தைகள் உருவி விளையாடினார்கள். ரோமர்ஸ்டட் என்ற குடியிருப்பில் எல்லாமே மின்சாரம். கட்டணத்தைப் பார்த்துக் குடித்தனக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

பெரிய குறை வேறு. அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பள்ளி மைதானத்தில் சாக்கட்டியால் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமாக ஒரு செவ்வகம் வரையுங்கள். இரண்டு நீண்ட பக்கங்களிலும் மேடைக்கும் அலமாரிக்குமாக அரை மீட்டர் ஒதுக்குங்கள். நடுவே மீதி 90 சென்டிமீட்டர். இப்போது நீங்களும் ஒரு நண்பரும் அதற்குள் நின்று, ஒருவர் காய் நறுக்குவது போலவும் ஒருவர் பாத்திரம் கழுவுவது போலவும் நடித்துப் பாருங்கள். முதுகோடு முதுகு முட்டும். ஒருவர் கதவுக்குப் போக இன்னொருவர் ஒதுங்க வேண்டும்.

அந்தச் சமையலறை ஒருவருக்கானது. காலடிகளை அளந்தபோது ஒருவருடைய காலடிகளையே அளந்தார்கள். ஆலையில் ஒரு தொழிலாளி, ஓர் இயந்திரம் என்பது போல, இங்கே ஓர் இல்லத்தரசி, ஓர் அறை. கணவனும் பெரிய பிள்ளைகளும் உதவிக்கு வந்தாலும் நிற்க இடமில்லை. முன்பு ஒரே அறையில் குடும்பத்தோடு பேசிக்கொண்டே சமைத்தவர், இப்போது நல்ல வெளிச்சமும் நல்ல ஒழுங்கும் உள்ள ஓர் அறையில் தனியாக நின்றார். லிகோட்ஸ்கியின் நோக்கம் இதுவல்ல. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வீட்டு வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆயினும் சுவரை எழுப்பியபின் எண்ணம் மாறினாலும் சுவர் மாறுவதில்லை.

சரி, வேலையாவது குறைந்ததா? 1974-இல் ஜோஆன் வானெக் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் குடும்பங்களின் கணக்கைப் பார்த்துச் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதினார். 1920-களில் வெளிவேலைக்குப் போகாத இல்லத்தரசி வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார். நடுவில் சலவை இயந்திரமும் தூசி உறிஞ்சியும் புதிய சமையலறையும் வந்துவிட்டன. 1960-களில் எத்தனை மணி நேரம்? 55!

எப்படி? துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைத்தார்கள். அடுப்பு வசதியானதும் ஒரு பதார்த்தத்துக்குப் பதில் மூன்று செய்தார்கள். வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றையும் காட்டினார். புதுக் கருவிகள் பலவேளைகளில் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைத்தான் முதலில் ஒழித்தன. விறகு பிளப்பது அப்பாவின் வேலையாக இருந்தது. எரிவாயு வந்ததும் அவருக்கு ஓய்வு. சமைப்பவர் சமைத்துக்கொண்டே இருந்தார். மிச்சமான நேரம் யாருக்கு என்ற வாட்டர்டவுன் கேள்வி நினைவிருக்கிறதா?

இதனால் அளந்ததே தவறு என்று சொல்ல மாட்டேன். 281 காலடி 45 ஆனது உண்மை. வலித்த கால்களுக்கு அது பெரிய உதவி. அளவுகோல் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் சொல்லும்.

உணவுக்கூடத்தைப்போல் வீட்டில்

இப்போது சிலர் உணவுக்கூடச் சமையலறையைப்போலவே வீட்டில் அமைக்க ஆசைப்படுகிறார்கள். எவர்சில்வர் மேடை, திறந்த தட்டுகள், கொக்கியில் தொங்கும் கரண்டிகள், பெரிய அடுப்பு. இவற்றில் எது அறிவியல், எது அலங்காரம்?

எவர்சில்வர் நல்லது. இரும்போடு குறைந்தது பத்தரை விழுக்காடு குரோமியம் சேர்ந்த உலோகம் அது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுப் படலமாகப் பரவி நிற்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உருவாகிவிடும். துருப் பிடிப்பதில்லை, புளியையும் எலுமிச்சையையும் தாங்கும். கரண்டி கொக்கியில் தொங்குவதும் நல்லது, தேட வேண்டாம். ஆனால் உணவுக்கூடத்தில் பாத்திரம் ஓயாமல் புழங்குவதால் தூசி படிவதில்லை. வாரம் ஒருமுறை எடுக்கும் பாத்திரத்துக்கு வீட்டில் மூடிய அலமாரிதான் சரி. பெரிய அடுப்போ வீட்டுக்கு வீண், ஆபத்தும்கூட. அதிக எரிவாயு எரிந்தால் அதிக வெப்பமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் வரும். உணவுக்கூடத்தில் அவற்றை இழுத்து வெளியேற்றப் பெரிய விசிறி ஓடிக்கொண்டிருக்கும். அந்த விசிறி இல்லாமல் அந்த அடுப்பை மட்டும் வாங்குவது, பிரேக் இல்லாமல் லாரி வாங்குவது போன்றது.

மேடையின் உயரமும் கவனிக்கத்தக்கது. சமைப்பவர் நின்றுகொண்டு முழங்கையை மடக்கினால், மேடை அதற்குப் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் கீழே இருப்பது நலம். உணவுக்கூடத்திலிருந்து எடுத்துவர வேண்டிய முக்கியமான பொருளுக்கு விலையே இல்லை. அது வரிசை. சாமான், கழுவுதல், நறுக்குதல், அடுப்பு, பரிமாறுதல் என்று வேலை ஒரே திசையில் நகர வேண்டும்.

லிகோட்ஸ்கியைப் பற்றி ஒரு வார்த்தை. 1930-இல் அவர் சோவியத் நாட்டுக்குச் சென்றார். பின்னர் துருக்கியில் இருந்தார். ஹிட்லர் ஆட்சியை எதிர்க்க வியன்னா திரும்பியபோது 1941-இல் கைதாகி, பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1945-இல் போர் முடியும் தறுவாயில் விடுதலையானார். 1997-இல் நூறாவது பிறந்தநாளில் வியன்னா மேயரோடு நடனமாடினார்! 2000 ஜனவரியில் மறைந்தார். அவருடைய சமையலறைகளில் பலவற்றை வீட்டுக்காரர்கள் பெயர்த்தெறிந்துவிட்டார்கள். தப்பிய ஒன்றை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2009-இல் வாங்கியது. ரோமர்ஸ்டட்டில் எர்ன்ஸ்ட் மே பெயரில் உள்ள வீட்டிலும் ஒன்றைப் பழையபடி சீர்செய்து வைத்திருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் அடுப்படியின் தரைப்படத்தை ஓர் அட்டையில் வரையுங்கள். 1 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்ற அளவு போதும். அடுப்பு, தண்ணீர், கழுவுமிடம், மளிகை அலமாரி, அம்மி அல்லது மிக்ஸி, உப்பு ஜாடி, ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி குத்துங்கள். சமைப்பவர் எங்கிருந்து எங்கே போகிறாரோ அந்த வரிசைப்படியே ஒரு சிவப்பு நூலை ஊசிகளைச் சுற்றிக் கொண்டுபோங்கள். சாம்பார் இறங்கியதும் நூலை வெட்டி, நீளத்தை அளந்து, பத்தால் பெருக்குங்கள். அவர் நடந்த தூரம் கிடைக்கும். ஓர் ஊசியை மட்டும் இடம் மாற்றி மறுபடி சுற்றினால் நூல் எவ்வளவு மிச்சமாகிறது? எந்த ஊசியை மாற்றினால் அதிகம் மிச்சமாகிறது? அவருடைய சம்மதத்தோடு உண்மையான ஜாடியையும் ஒரு வாரம் அங்கே வைத்துப் பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதையே இன்னொரு முறை செய்யுங்கள். அன்று சமையலில் நீங்களும் சேர்ந்துகொள்ள வேண்டும். எண்ணும் வேலையைத் தம்பியிடமோ தங்கையிடமோ விட்டுவிடுங்கள். உங்கள் நடைக்குப் பச்சை நூல். இரண்டு நூல்களின் நீளத்தையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, சிவப்பும் பச்சையும் எத்தனை இடங்களில் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று எண்ணுங்கள். கிறிஸ்டின் ஃபிரடெரிக்கின் படத்தில் அந்தப் பச்சை நூல் கிடையாது.